கண்ணாடிக்கும் செய்கூலி, சேதாரம் உண்டு

தக்கலைப் பக்கத்திலிருந்து 36 வயது வாசகி ஒருவர் ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வெளியூரில் 10 நாள் பயிற்சி முடித்து, இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே ஸ்டெயின்டு கிளாஸ் செய்கிறார். நிறக்கண்ணாடியை வெட்டி, ஓரம் தேய்த்து, செப்பு ஃபாயில் (மெல்லிய செப்பு நாடா) சுற்றி, சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகக் கலவை) வைத்து இணைக்கும் முறை. ஜன்னலில் தொங்கவிடும் சன்கேட்சர்களும் ஒன்றரை அடி உயரம் வரையிலான பேனல்களும் செய்து பழக்கம். கன்னியாகுமரியில் ஒரு ரிசார்ட் கடையில் 14 பொருட்களை 35 சதவீதக் கமிஷனுக்கு வைத்திருக்கிறார். எல்லாம் வாய்ப்பேச்சு. ஐந்து விற்றுப் பணம் வந்துவிட்டது. இரண்டு உடைந்துவிட்டன, அது உங்கள் கணக்கு என்கிறார் கடைக்காரர். இதற்கிடையில் ஊர்க் கத்தோலிக்கக் கோவிலில் பீடத்துக்கு மேலே 4 அடி விட்டமுள்ள வட்ட ஜன்னலுக்கு மாதா உருவம் செய்துதரக் கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவரின் உபயம். 18,000 ரூபாய் பேசி, 5,000 ரூபாயைக் கையில் கொடுத்து, இணையத்திலிருந்து எடுத்த ஒரு படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு கடை 20 சன்கேட்சர் கேட்கிறது. '40 லட்சம் வரை ஜிஎஸ்டி கிடையாது, தைரியமாக அனுப்பு' என்கிறார் கணவர். 'நான் ஏமாந்துகொண்டிருக்கிறேனா, இல்லை எனக்கு வியாபாரம் தெரியவில்லையா?' என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்களை யாரும் திட்டம் போட்டு ஏமாற்றியதாக எனக்குத் தெரியவில்லை. பொருள் எப்போது யாருடையது, உடைந்தால் யார் தலையில் விழும் என்பதை ஓர் இடத்திலும் எழுதி வைக்காததுதான் சிக்கல். அதற்குள் போகுமுன், ஐந்தாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன்: 'அடுக்களை மேடையில்தான் சால்டர் வைக்கிறேன், மாமியார் தினமும் சத்தம் போடுகிறார்கள், ஜன்னலைத் திறந்துதான் வைக்கிறேன்.' வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அடுக்களை

மாமியார் சொல்வது சரி. நீங்கள் வாங்கும் 60/40 சால்டரில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். ஆபத்து புகையில் இருக்கிறது என்று நினைத்து ஜன்னலைத் திறந்து வைக்கிறீர்கள். சால்டரிங் அயர்னின் சூட்டில் ஈயம் பெரிய அளவில் ஆவியாவதில்லை. கண்ணை எரிக்கும் அந்தப் புகை, சால்டர் ஒட்டுவதற்காகப் பூசும் ஃப்ளக்ஸ் கருகுவது. நுரையீரலுக்கு அது கேடுதான், காற்றோட்டம் வேண்டும்தான். ஆனால் ஈயம் உடம்புக்குள் போவது பெரும்பாலும் கை வழியாக. சால்டர் கம்பியைப் பிடித்த விரல், தெறித்து மேடையில் உறைந்த சிறு மணிகள், துணியில் ஒட்டிய பொடி, அதே மேடையில் பிசையும் மாவு. திறந்த ஜன்னல் இதில் எதையும் தடுக்காது. குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவுமில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

வேலையைப் பின்கட்டுக்கோ மாடி அறைக்கோ மாற்றுங்கள். குழந்தை நுழையாத, கதவு சாத்தக்கூடிய இடம் வேண்டும். விளக்குமாற்றால் பெருக்கினால் பொடி எழும்பும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் தனியே வையுங்கள். வேலைக்கென்று ஒரு மேலங்கி, ஒரு செருப்பு, இரண்டும் அந்த அறையைத் தாண்டக் கூடாது. சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தண்ணீர் டம்ளரைக்கூடத் தொடாதீர்கள். கண்ணாடி தேய்க்கும் கிரைண்டரில் தங்கும் சகதியை அடுக்களைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், வடியவிட்டுத் தனி டப்பாவில் சேருங்கள். உங்களுக்கும் குழந்தைக்கும் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் பரிசோதனையைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டு எடுத்துவிடுங்கள். மறுபடி கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இது விற்பனைக்கும் தொடர்புள்ள விஷயம். உங்கள் பொருளில் ஈயம் இருப்பதை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, போதிய எச்சரிக்கை தராமல் விற்ற பொருளால் கேடு வந்தால் தயாரித்தவர் பொறுப்பு. 'இணைப்புகளில் ஈயம் உள்ளது. உணவு வைக்க வேண்டாம். குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளவும்' என்று மூன்று வரி அட்டையை ஒவ்வொன்றிலும் கட்டிவிடுங்கள். காதணி, பதக்கம் செய்வதானால் ஈயமில்லாத சால்டரே வேண்டும். விலை கூடுதல், உருக அதிகச் சூடும் கேட்கும்.

ரிசார்ட் கடையில் உடைந்த இரண்டு

'அவர்கள் கடையில் உடைந்தது, அவர்கள்தானே கட்ட வேண்டும்?' என்று கேட்கிறீர்கள். அப்படி நேரடியாகச் சொல்ல முடியாது. விற்றுத் தருவதற்காக ஒருவரிடம் பொருளை ஒப்படைத்தால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152 பிரிவுகள் வருகின்றன. சராசரி மனிதர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவு கவனம் எடுத்துக்கொள்வது அவர் கடமை. அந்தக் கவனம் எடுத்தும் உடைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், அவர் பொறுப்பாக மாட்டார். ஆகவே கேள்வி எங்கே உடைந்தது என்பதல்ல, எப்படி உடைந்தது என்பது.

உடைந்த துண்டுகளை வாங்கிப் பாருங்கள். கொக்கி சால்டரோடு பிடுங்கிக்கொண்டு, ஓர ஃபாயிலும் கண்ணாடியிலிருந்து உரிந்து வந்திருந்தால், தவறு உங்களுடையது. தொங்கும் கொக்கியை வெறும் ஓர ஃபாயிலில் பற்றவைக்கக் கூடாது. இரண்டு கண்ணாடித் துண்டுகள் சந்திக்கும் கோடு ஓரத்துக்கு வந்து முடியும் இடத்தில், அந்தக் கோட்டுக்குள் கொக்கியின் கால் நீண்டு போகும்படி வைக்க வேண்டும். அப்போதுதான் எடையை முழுப் பேனலும் தாங்கும். ஓர ஃபாயிலைக் கண்ணாடியோடு பிடித்திருப்பது வெறும் பசைதான். கடற்கரை ஜன்னலில் வெயிலும் உப்பு ஈரமும் பட்டுப்பட்டு அது விட்டுவிடும். இன்னொன்றும் பாருங்கள்: கடைக்காரர் தங்கூசி எனும் நைலான் நரம்பில் கட்டித் தொங்கவிட்டிருந்தாரா? மீன்பிடிக்க நல்ல சரக்கு. ஆனால் மாதக்கணக்கில் வெயிலில் தொங்கினால் இற்றுவிடும். கொக்கி முழுதாக இருந்து நரம்பு அறுந்திருந்தால் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் இப்படித்தான் தொங்கவிட வேண்டும் என்று சொல்லி, சங்கிலியும் சேர்த்துக் கொடுத்தீர்களா என்று அவர் திருப்பிக் கேட்பார். இனி எஃகுச் சங்கிலியோடே கொடுங்கள்.

சண்டைக்கு முன்பு கணக்கை எழுத்தில் வாங்குங்கள். இன்றே இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்: 'வணக்கம். உங்கள் கடையில் விற்பனைக்கு வைத்த என் 14 பொருட்களில் 5 விற்று, தொகை வந்துவிட்டது. 2 உடைந்ததாகச் சொன்னீர்கள். மீதி 7 உங்களிடம் உள்ளன. படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கணக்கு சரிதானா என்று உறுதிசெய்யுங்கள்.' குற்றம் சாட்டும் சொல் ஒன்றுகூட வேண்டாம். 'சரி' என்று பதில் வந்தால், அந்த ஏழும் உங்களுடையவை என்பதற்கு அதுவே சான்று. பின்னால் வழக்கு என்று வந்தால் வாட்ஸ்அப் உரையாடலைப் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு தாக்கல் செய்யலாம். ஆகவே போனை மாற்றினாலும் உரையாடலை அழிக்காதீர்கள்.

தொடர்ந்து அங்கே வைப்பதானால் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விற்கும்வரை பொருள் செய்தவருக்கே சொந்தம் என்ற வரி அதில் முக்கியம். இந்த வரி இல்லாவிட்டால், கடைக்காரருக்குக் கடன் ஏறி யாராவது கடையின் சரக்கை முடக்கும்போது, உங்கள் கண்ணாடியும் அதோடு போய்விடக்கூடும். அடுத்து, கடையில் இருக்கும்போது உடைந்தாலும் திருடு போனாலும் கமிஷன் கழித்த தொகையைக் கடை தர வேண்டும், கொக்கி விட்டுப் போனால் மட்டும் உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள் கணக்கு. 90 நாளில் விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். பொருள் பட்டியல், எண், விலை, படம் இவை பின்னிணைப்பு. இதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் 14 வைக்காதீர்கள், மூன்று வையுங்கள்.

செய்கூலியும் சேதாரமும்

உங்கள் கடிதத்தில் எனக்கு வருத்தம் தந்தது ரிசார்ட் அல்ல, உங்கள் விலைப்பட்டியல். 12க்கு 18 அங்குலப் பேனல், 40 துண்டு, விலை 3,200 ரூபாய். நீங்களே கொடுத்திருக்கும் கொள்முதல் விலையை வைத்துக் கூட்டுகிறேன். பரப்பு ஒன்றரைச் சதுர அடி. சேதாரம் 40 சதவீதம் சேர்த்தால் 2.1 சதுர அடிக் கண்ணாடி, 600 ரூபாய் வீதம் 1,260. ஃபாயில், சால்டர், ஃப்ளக்ஸ், பாட்டினா (சால்டர் கோடுகளின் நிறத்தை மாற்றும் திரவம்), மெழுகு 500. சட்டமும் சங்கிலியும் 200. பொதிவு 150. கட்டர், கிரைண்டர் தேய்மானம், கரண்ட் 50. ஆக 2,160.

இனி நேரம். வரைந்து அச்சு வெட்ட 2 மணி. ஒரு துண்டை வெட்டித் தேய்க்க 8 நிமிடம் என்றால் 40 துண்டுக்கு 5 மணி 20 நிமிடம். ஃபாயில் சுற்றி அழுத்த 4 நிமிடம் வீதம் 2 மணி 40 நிமிடம். இருபுறமும் ஓரமும் சால்டர் வைக்க 3 மணி. கழுவி, பாட்டினா பூசி, மெழுகு தேய்க்க 1 மணி. சட்டம் கட்டிப் பொதிய 1 மணி. மொத்தம் 15 மணி நேரம். நீங்களே விற்றால் 3,200-இல் 2,160 போக 1,040 ரூபாய் மிச்சம், மணிக்கு 69 ரூபாய். ரிசார்ட் 35 சதவீதம் எடுத்தால் கைக்கு வருவது 2,080. பொருள் செலவுக்கே 80 ரூபாய் குறைகிறது. அந்த ரிசார்ட் விற்ற ஒவ்வொரு பேனலுக்கும் 80 ரூபாயும் 15 மணி நேரமும் நீங்கள் தானம் செய்திருக்கிறீர்கள்.

நாகர்கோவில் கோவில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டம் இது. செய்கூலி, சேதாரம் என்றால் என்னவென்று வாங்குகிறவர் யாருக்கும் நீங்கள் விளக்க வேண்டியதில்லை. கண்ணாடிக்கும் அதையே எழுதிக் காட்டுங்கள். மணிக்கு 150 ரூபாய் செய்கூலி என்றால் 2,250. பொருளோடு சேர்த்து 4,410. விற்காமல் தங்குவது, வேலையில் கீறிப்போவது, படம் எடுப்பது இவற்றுக்கு 15 சதவீதம் கூட்டினால் சுமார் 5,100. கடை 35 சதவீதம் எடுக்கும் என்றால் ஒட்டும் விலை 5,100 ஐ 0.65 ஆல் வகுத்து வருவது, சுமார் 7,850. வீட்டில் வந்து வாங்குபவருக்கும் அதே விலைதான். வீட்டில் மலிவாகக் கொடுத்தால் எந்தக் கடையும் உங்கள் பொருளை வைக்காது.

இந்த விலைக்குப் போகாது என்பீர்கள். 40 துண்டுப் பேனல் பேருந்தில் வந்து இறங்கும் சுற்றுலாப் பயணிக்குப் போகாது, உண்மைதான். அவருக்கு ஆறு, ஏழு துண்டில் முடியும் சன்கேட்சர் செய்யுங்கள். விலையைத் தீர்மானிப்பது சதுர அடி அல்ல, துண்டுகளின் எண்ணிக்கை. ஆழமான உள்வளைவைக் குறைத்து வரைந்தாலே சேதாரம் குறையும், கண்ணாடி உள்வளைவில்தான் நினைத்த கோட்டை விட்டு ஓடும்.

கோவில் ஜன்னல்

இந்த வேலையை நீங்கள் ஏற்பதானால் மூன்று எண்ணங்களை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒன்று, முகம். 'கடையில் கிளாஸ் பெயின்ட் வாங்கி மாதாவின் முகத்தை வரைந்துவிடுவேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். தூரிகையால் பூசிக் காயவிடும் வண்ணம் வெயிலில் வெளிறி, ஈரத்தில் உரியும். பழைய கோவில்களின் ஜன்னல்களில் முகம் தலைமுறைகளாக நிற்பதற்குக் காரணம், அது கண்ணாடிப் பொடி கலந்த வண்ணத்தால் வரைந்து சூளையில் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டு, கண்ணாடியோடு உருகிப் பிடித்தது. உங்களிடம் சூளை இல்லை. முகமும் கைகளும் மட்டும் சூளை வைத்திருக்கும் ஒருவரிடம் சுட்டு வாங்குங்கள், அந்தச் செலவைத் தனியாகக் காட்டுங்கள். அல்லது முகமே இல்லாத வடிவத்தை முன்வையுங்கள்: பன்னிரண்டு விண்மீன், லீலி மலர், கடல். கடலோர மாவட்டத்தில் கடல் விண்மீனாகிய மாதாவுக்கு இது பொருந்தாதா என்ன? அழகிலும் இதுவே மேல் என்பது என் கட்சி.

இரண்டு, முறை. ஃபாயில் முறை வீட்டுக்குள் தொங்குவதற்கு. மழையும் காற்றும் படும் வெளி ஜன்னலுக்கு ஈயச்சட்ட முறை வேண்டும்: துண்டுகளை இரண்டு பக்கமும் பள்ளமுள்ள ஈயச் சட்டத்தில் செருகி, மூட்டுகளில் மட்டும் சால்டர் வைத்து, சுண்ணாம்புக்கல் தூளும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த மக்கை இடுக்குகளில் அடைப்பது. அந்த மக்குத்தான் நீர் புகாமல் காக்கிறது, ஆடாமலும் பிடிக்கிறது. அது இறுக ஒரு வாரத்துக்குக் குறையாமல் படுக்கையில் கிடக்க வேண்டும். நீங்கள் இதைச் செய்ததில்லை. முதலில் இரண்டு சதுர அடியில் ஒன்று செய்து, ஓர் ஆடி மாதக் காற்றுக்கும் மழைக்கும் வெளியே நிறுத்திப் பாருங்கள்.

4 அடி வட்டம் என்றால் சுமார் 12.5 சதுர அடி. 3 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே சதுர அடிக்கு 700 கிராம். ஈயமும் சேர்ந்தால் மொத்தம் 20 கிலோவை ஒட்டி வரும். ஈயம் மெத்தென்ற உலோகம், தன் எடையிலேயே தொய்ந்து, சில ஆண்டுகளில் ஜன்னல் வயிறு தள்ளி நிற்கும். ஆகவே வட்டத்தை இரண்டாகவோ நான்காகவோ பிரித்து, ஓர் அடி முதல் ஒன்றரை அடி இடைவெளியில் குறுக்குக் கம்பி கொடுத்து, ஈய மூட்டுகளில் பற்றவைத்த செப்புக் கம்பியால் அதோடு முறுக்கிக் கட்ட வேண்டும். கம்பி சாதாரண இரும்பாக இருந்தால் கடற்காற்றில் துருவேறிப் பருத்து, சுவரையும் கண்ணாடியையும் விரிசல் விடச் செய்யும். 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். வெளிப்புறம் 6 மில்லிமீட்டர் டஃபன்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடி, இடையில் காற்று புகுந்து வெளியேறும் இடைவெளி. டஃபன்டு கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது, அளவு முதலிலேயே சரியாக இருக்க வேண்டும். கொத்தனார் கட்டிய வட்டம் வட்டமாக இருக்காது என்பதை மனதில் வையுங்கள். டேப் பிடித்து அளக்காதீர்கள். திறப்பில் அட்டையை வைத்து வரைந்து, மேல் பக்கம் எது என்று குறித்து, அதன் மேலேயே பங்கின், அதாவது கோவில் நிர்வாகத்தின், கையெழுத்து வாங்குங்கள். பேனல் ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீட்டர் சிறியதாக இருக்கட்டும்.

மூன்று, பணமும் ஆளும். 18,000 ரூபாய் என்பது சதுர அடிக்கு 1,440. உங்கள் சிறு பேனலின் அடக்கமே சதுர அடிக்கு 2,940. கோவில் ஜன்னலில் துண்டுகள் பெரிது, உழைப்பு குறையும் என்பது உண்மை. ஆனால் ஈயம், கம்பி, சூளைக் கூலி, வெளிக்கண்ணாடி எல்லாம் ஏறும். இந்தத் தொகையில் பொருள் செலவு தேறுவதே சந்தேகம். வண்ணப்படம் அச்சடித்த ஸ்டிக்கர் கண்ணாடியோடுதான் அவர்கள் ஒப்பிடுகிறார்கள். அதை மட்டம் தட்டிப் பேசாதீர்கள். ஒரு துண்டு உடைந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம், ஸ்டிக்கர் வெளிறினால் முழுவதையும் மாற்ற வேண்டும், இரண்டும் இரு வேறு பொருள் என்று சொல்லி, கணக்கைத் தாளில் வையுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் 5,000 ரூபாயை ரசீது வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடலாம். இன்னும் கண்ணாடி வாங்கவில்லை என்பதால் இப்போதே அதற்குச் சரியான நேரம்.

ஏற்பதானால் உங்களோடு ஒப்பந்தம் செய்வது யார்? பணம் தருபவர் வெளிநாட்டில். பேசியவர் பங்குப் பேரவை உறுப்பினர். முடிவெடுப்பவர் பங்குத்தந்தை. அவர் மாறுதலாகிப் போனால் வாய்ப்பேச்சும் அவரோடு போய்விடும், புதிதாக வருபவருக்கு வேறு ஜன்னல் பிடிக்கலாம். பேரவைத் தீர்மானத்தின் நகலும், பங்கின் லெட்டர்பேடில் பங்குத்தந்தை கையெழுத்திட்ட பணி ஆணையும் வேண்டும். மறைமாவட்ட அனுமதி தேவையா என்பதையும் அவர்களையே கேட்டு எழுதச் சொல்லுங்கள். பணத்தை நான்காகப் பிரியுங்கள்: வரைபடக் கட்டணம் (இது திரும்பாது), வரைபடம் ஏற்றபின் 40 சதவீதம், பட்டறையில் வந்து பார்த்தபின் 30 சதவீதம், மீதி பொருத்தும் நாளில். வரைபடம் ஏற்றபின் மாற்றம் கேட்டால் துண்டுக்கு இவ்வளவு என்று ஒரு வரி.

பொருத்தும் வேலையை நீங்கள் எடுக்காதீர்கள். சாரம் கட்டி ஏற்றிப் பதிப்பது பங்கு அமர்த்தும் ஆளின் வேலையாகவும், கூட நின்று சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலையாகவும் எழுதுங்கள். உயரத்தில் ஒருவர் விழுந்தால் வரும் பொறுப்பு ஒரு காரணம். கட்டடத்தில் பதித்துக் கொடுப்பது வரிச் சட்டத்தில் பொருள் விற்பனையாக இல்லாமல் பணி ஒப்பந்தமாகி, சேவையாகக் கணக்காவது இன்னொரு காரணம். அதைக் கீழே சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பற்றி ஒரு சொல். 'நிறத்தை மாற்றிவிட்டால் காப்புரிமைப் பிரச்சினை வராது' என்பது தவறு. வரைந்தவர் உயிரோடு இருக்கும்வரையும், இறந்தபின் 60 ஆண்டுகளும் உரிமை தொடரும். இருநூறு ஆண்டுப் பழைய ஓவியம் என்றால் கவலையில்லை, இன்றைய ஓவியர் கணினியில் வரைந்ததென்றால் அனுமதி வேண்டும். நீங்களே புதிதாக வரையுங்கள். உங்கள் வரைபடத்தின் உரிமை உங்களுக்கே என்றும், பங்கு இந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்றும் ஆணையில் சேர்த்துவிடுங்கள். உபயம் செய்தவர் பெயர் கீழே வரும். உங்கள் பெயருக்கும் ஓர் அங்குலம் கேளுங்கள். படைப்பாளி என்று அறியப்படும் உரிமை காப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் இருக்கிறது.

களியக்காவிளைக்கு அப்பால்

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். சேவையும் கலந்தால் வரம்பு 20 லட்சம், ஜன்னலைப் பதித்துக் கொடுக்காதீர்கள் என்றது இதனால்தான். ஆனால் எல்லையூரான களியக்காவிளையைத் தாண்டினால் வரும் திருவனந்தபுரம் வேறு மாநிலம். உங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பதைச் சட்டம் பார்க்காது. மாநிலம் தாண்டிப் பொருள் விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம் என்பது பொது விதி.

கைவினைப் பொருட்களுக்கு இதில் ஒரு விலக்கு உண்டு. விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்து, பான் எண் வைத்திருந்து, மதிப்பு எவ்வளவு சிறிதானாலும் ஈ-வே பில் (சரக்கோடு போகவேண்டிய மின்னணுச் சீட்டு) எடுத்து அனுப்பினால் பதிவு வேண்டாம். ஆனால் இது அறிவிக்கையில் பட்டியலிட்ட பொருட்களுக்கு மட்டும். ஈயச்சட்ட ஜன்னல் கண்ணாடி வரிப் பட்டியலில் 7016 என்ற தலைப்பின் கீழ் வருகிறது, அலங்காரக் கண்ணாடிப் பொருட்களுக்குத் தலைப்பு வேறு. உங்கள் சன்கேட்சர் எதில் சேரும், விலக்கு பொருந்துமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டு எழுத்தில் வாங்கியபின் அந்த 20-ஐ அனுப்புங்கள். பொருந்தாது என்றால் பதிவு செய்துகொள்ளுங்கள். சிறு வணிகர்கள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் தொகுப்பு வரித் திட்டத்தில் சேர்ந்தால் மட்டும் வேறு மாநிலத்துக்கு விற்க முடியாது. கேரளத்திலிருந்து சுற்றுலா வந்தவர் உங்கள் வீட்டிலேயே வாங்கினாலும், பில்லில் அவர் கேரள முகவரியை எழுதினால் 2023 அக்டோபர் 1 முதல் அது கேரள விற்பனையாகவே கருதப்படும். இணைய விற்பனைத் தளங்களில், பதிவில்லாதவர் ஜிஎஸ்டி தளத்தில் சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு, தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கலாம்.

அந்த 20-ஐக் கூரியரில் அனுப்பாமல் கையோடு கொண்டுபோய் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள், ஈ-வே பில் கூடவே இருக்கட்டும். கண்ணாடி உடைந்தால் இழப்பீடு இல்லை என்ற வரி பல கூரியர் ரசீதுகளின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். கூரியர்தான் வழி என்றால் இரட்டைப் பெட்டி, பேனல் படுக்காமல் நின்ற வாக்கில்.

இரண்டு பதிவுகளை இந்த மாதமே முடித்துவிடுங்கள். ஒன்று உத்யம், சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் போதும், அரசுத் தளத்தில் ஒரு பைசா கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது வேறு ஆள் நடத்தும் தளம். இந்தப் பதிவு இருந்தால், உங்களிடம் பொருள் வாங்குபவர் 15 நாளில், எழுத்தில் வேறு கெடு பேசியிருந்தால் அதிகபட்சம் 45 நாளில், பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் வட்டிக்கு வட்டியோடு. கோவில் ஆணையில் கையெழுத்தாகும் முன்பே எடுத்துவிடுங்கள், ஆணைக்குப் பின் பதிந்தால் அது செல்லுமா என்ற வாதம் கிளம்பும். ரிசார்ட் கடை வாங்குபவர் அல்ல, விற்றுத் தருபவர். அங்கே இந்தச் சட்டத்தை விட உங்கள் ஒரு பக்க ஒப்பந்தமே கைகொடுக்கும்.

மற்றொன்று, மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை. மேளாக்களில் கடை போட அதைக் கேட்பார்கள். நாகர்கோவிலில் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். கைவினைப் பொருட்களை விற்கும் பூம்புகாரையும் அணுகலாம் என்று எழுதியிருந்தீர்கள், நல்ல யோசனை. அது தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார். விவேகானந்தர் பாறைக்குப் படகு விடும் பூம்புகார் வேறு. படகுத்துறை வரிசையில் போய் நின்றுவிடாதீர்கள்.